உதடு ஒட்டாத வார்த்தை

பெரியவளே, உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஒருநாள் டிவி முன்னால் நின்று அழுதாயே, அங்கிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். தம்பிக்கு அது தெரியாது. அவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். உங்கள் அம்மா வாய் திறந்து பேசிய முதல் சினிமாவை அன்றைக்கு டிவியில் போட்டார்கள். லிங்கராஜபுரத்தில் நம் சந்தில் இருக்கிற பாதிப் பேர் நம் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆயா வேஷம். கையில் வாளி, இடுப்பில் செருகிய முந்தானை. கதாநாயகனைப் பார்த்து, "டாக்டர் இன்னும் வரலீங்க, அப்படி ஓரமா உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான் வசனம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நீ மட்டும் எழுந்து நின்று, "அது எங்கம்மா இல்ல" என்றாய். முகம் அம்மா முகம், குரல் வேறு யாருடையதோ. "அம்மா வாயை யாரோ எடுத்துக்கிட்டாங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாய். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனவள், படம் முடிகிறவரை வெளியே வரவில்லை.

டப்பிங் என்றால் என்ன என்று உனக்குப் பிறகு புரிந்துவிட்டது. ஆனால் நீ அன்று சொன்னதை அம்மா மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. போன வருஷம் அந்த டப்பிங் தியேட்டரில் நடந்ததில் பாதிதான் உங்கள் இருவருக்கும் தெரியும். மீதிப் பாதியில் என் தப்பு ஒன்று இருக்கிறது. தப்பு மட்டுமில்லை, ஒரு பொய்யும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை கன்னட மீடியத்தில் படித்தவன். தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் கற்றது. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிற கை இது. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்த வருஷமே கோயிலில் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் குறைந்தது என்று கூப்பிட்டார்கள். சிலுவை சுமந்து வருகிற இயேசுவின் முகத்தைத் துடைக்கிற பெண். பேச்சே கிடையாது. துணியை நீட்டினாள், துடைத்தாள், அப்புறம் அந்தத் துணியைப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் மைதானமே அமைதியாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அல்சூரில் தமிழ் நாடகம் போடுகிறவர்கள் வீடு தேடி வந்தார்கள். அங்கே ஒரு நாடகத்தில் பாதியில் மைக் செத்துப்போனது. மற்றவர்கள் தடுமாறி நிற்க, அம்மா குரலை மட்டும் ஏற்றிப் பேசினாள். நான் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்தேன். ஒரு எழுத்து விடாமல் எனக்குக் கேட்டது.

மேடையில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தக் குரல். சினிமாவுக்கும் சீரியலுக்கும் போனதும் முதலில் கழற்றி வைக்கச் சொன்னதும் அந்தக் குரலைத்தான். கன்னட சீரியலில் பூக்காரி, நர்சு, மாமியார் என்று எத்தனையோ வேஷம் போட்டாள். எல்லாவற்றுக்கும் வேறு யாரோ பேசினார்கள், ஏனென்றால் அவள் கன்னடத்தில் தமிழ் வாசனை அடிக்கிறதாம். தமிழ்ப் படத்தில் கூப்பிட்டார்கள், அங்கேயும் வேறு ஒருத்தர். பெங்களூர் தமிழாம், கன்னட வாசனை அடிக்கிறதாம்.

"நான் என்னங்க தாளிச்சு வெச்ச கொழம்பா? ஆளாளுக்கு மோந்து மோந்து பாக்கறாங்க" என்று அம்மா சிரிப்பாள். ஆனால் தன் படம் டிவியில் வந்தால் எழுந்து போய்விடுவாள். அதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இப்படியே வருஷங்கள் போன பிறகுதான் சென்னையிலிருந்து அந்த டைரக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர். ஓசூர் தாண்டி ஒரு கிராமத்தில் படம். மகனைப் பறிகொடுத்த தாய் வேஷம். முதல்முறையாகப் படம் முழுக்க வருகிற வேஷம். "உங்க குரல்லயே போகலாம்மா. டப்பிங்ல சரியா வந்துட்டா நான் வேற யாரையும் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அதை அம்மா என்னிடம் சொன்னபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை.

வசனம் பாடம் பண்ணுகிறபோது எதிரில் இருந்து மற்றவர் வசனத்தைப் படிப்பது எப்போதும் நான்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அம்மா பொறுமையாகக் காத்திருப்பாள். அந்தப் படத்தில் முக்கியமான காட்சி ஒரு சாப்பாட்டுக் காட்சி. மகனை அடக்கம் செய்த மறுநாள் மருமகள் பரிமாறுகிறாள். துக்கத்தில் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே போகிறாள். தாய் தட்டின் மேல் கையை விரித்து மறைத்து, "போதும்மா" என்கிறாள். அதோடு காட்சி முடிகிறது.

ஒரு மாலையில் நாங்கள் அதைச் சமையலறையில் நிஜச் சோறு வைத்துப் பார்த்தோம். நான் தோளில் துண்டைப் போட்டு மருமகளானேன். அவள் "போதும்மா" என்றாள். நான் நிறுத்தவில்லை. குறும்புதான். கரண்டி கரண்டியாக வைத்தேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல், "சாக்கு, சாக்கு! நிஜமாவே சாக்குங்க!" என்று கத்தினாள்.

நம் வீட்டில் சாப்பிடும்போது யாரும் போதும் என்று சொல்லுவதில்லை. எனக்குத் தெரிந்து என் அப்பாவும் சொன்னதில்லை. கன்னடத்தில் போதும் என்பதற்குச் சாக்கு என்பதுதான் வார்த்தை. எந்தத் தலைமுறையில் நம் தட்டுக்கு வந்ததோ தெரியாது. கல்யாணமான புதிதில் நான் சாப்பிடும்போது "சாக்கு" என்றேன். அம்மா கரண்டியோடு திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "எந்தச் சாக்குங்க? அரிசிச் சாக்கா?" என்று கேட்டாள். வேலூரில் சாக்கு என்றால் கோணிப்பைதானே. அந்த வார்த்தையை அவள் வாயில் போட்டவன் நான். தினமும் இரண்டு வேளை, இத்தனை வருஷமாக.

ஷூட்டிங் முடிந்து வந்த அன்று அம்மா முகம் மின்னியது. "அந்தச் சாப்பாட்டுக் காட்சி ஒரே டேக்குங்க. அழுகை தானா வந்துருச்சு. கேமராமேன்கூட கண்ணைத் துடைச்சாரு" என்றாள்.

ஏழெட்டு மாதம் கழித்து டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். இந்திராநகர்ப் பக்கம் ஒரு சந்தில், ஒரு வீட்டு மாடியில் இருந்தது தியேட்டர். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை அம்மாவுக்கு நேரம். டைரக்டர் நல்லவிதமாகவே சொன்னார். "ஒரு மணிக்குள்ள எல்லாம் செட் ஆயிட்டா உங்க வாய்ஸ்தான்மா. ஒரு சீன் நின்னாலும் முழுக்க மாத்தித்தான் ஆகணும். ஒரு ஆளுக்கு ரெண்டு குரல் வெக்க முடியாது. அதுக்கு ஒருத்தங்கள வரச் சொல்லியிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் மைக் முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் மெஷின் முன்னால் சவுண்ட் இன்ஜினியர், பக்கத்தில் டைரக்டர், பின்னால் சுவரோரம் ஒரு சோபாவில் நான். நடுவில் பட்டை அறுந்து குழி விழுந்த சோபா. திரையில் அம்மா வாய் அசையும். அதற்குச் சரியாக, முன்னே போகாமல் பின்னே தங்காமல், இங்கே நிற்கிற அம்மா பேச வேண்டும். முதல் அரைமணி தடுமாறினாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் நம் ஊர் கன்னடக்காரர். ஒவ்வொன்றுக்கும், "சூப்பர் அம்மா, முந்தே" என்று அடுத்ததற்குப் போனார்.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்து ஒரு பெண்மணி உள்ளே வந்தார். தோளில் பை, கையில் வெந்நீர் பிளாஸ்க். "கொஞ்சம் நகந்துக்குங்கண்ணா" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். டிவியில், தியேட்டரில், என் மனைவியின் வாயிலிருந்து வந்த குரல்.

"நீங்க அவங்க வீட்டுக்காரரா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். "மூணு படம் அவங்களுக்குப் பேசியிருக்கேன். நேர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன். அப்ப நானும் உங்க வீட்டுல பாதி ஆளு. என்ன, என்கூட எப்பவாச்சும் சண்டை போட்டிருக்கீங்களா?"

சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நல்ல மனுஷி என்பது அப்போதே தெரிந்தது. ஆனாலும் அவர் பிளாஸ்க்கைத் திறந்து தொண்டையைச் சரிசெய்துகொண்ட ஒவ்வொரு முறையும் நான் மணியைப் பார்த்தேன். போனில் உன் மெசேஜ் வந்தது, பெரியவளே. வைட்ஃபீல்டில் ஆபீஸில் இருந்து. "ஆச்சா?" பதில் போடவில்லை.

கடைசியாகச் சாப்பாட்டுக் காட்சி வந்தது. திரை நிறைய அம்மா முகம். கண்ணில் நீர் நிற்கிறது, விழவில்லை. கை தட்டை மறைக்கிறது. வாய் திறக்கிறது. மைக் முன்னால் அம்மா "போதும்மா" என்றாள்.

இன்ஜினியர் நிறுத்தினார். "லிப் ஒட்டல." மறுபடி. "இன்னொந்து சல." மறுபடி. ஐந்தாறு தடவை ஓடியது. டைரக்டர் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். போதும்மா என்று சொல்ல உதடு சேர வேண்டும், முதல் எழுத்துக்கு ஒருமுறை, நடுவில் ஒருமுறை. நீங்களே சொல்லிப் பாருங்கள். திரையில் அம்மாவின் உதடு ஒருமுறைகூடச் சேரவே இல்லை.

"அம்மா, ஸ்பாட்ல நீங்க என்ன சொன்னீங்க? அந்த சவுண்டைப் போடுப்பா."

ஷூட்டிங்கில் பிடித்த ஒலி, காற்றும் காக்கையும் கலந்து வந்தது. அதற்கு நடுவில் அம்மா குரல், தெளிவாக. "சாக்கு."

"சாக்கா?" என்றார் டைரக்டர். "எந்தச் சாக்கு? அரிசிச் சாக்கா?"

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். "சார், கன்னடதல்லி சாக்கு அந்த்ரே போதும்னு அர்த்தம் சார்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் அம்மா சிரிக்கவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலை கவிழ்ந்துவிட்டது. அந்தச் சமையலறை, என் தோள் துண்டு, கரண்டி கரண்டியாக நான் வைத்த சோறு எல்லாம் கண்முன் வந்தது. அழுகை தானாக வந்த நேரத்தில் வார்த்தையும் தானாக வந்திருக்கிறது, வீட்டிலிருந்து.

"திரும்ப எடுக்க முடியாது" என்றார் டைரக்டர், யாரிடமோ போல. "ஷூட் பண்ண வீட்டையே இடிச்சுட்டாங்க. வேற டேக்கும் இல்ல." மணி பன்னிரண்டு இருபது. திடீரென்று என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்த ஊர்க்காரர்தானே? ஓசூர் தாண்டி, அந்தக் கிராமத்துல எல்லாம் இப்படிச் சொல்வாங்களா? சொல்வாங்கன்னா அப்படியே விட்டுடலாம். அந்த ஊர்ப் பேச்சுன்னு ஆயிடும்."

எனக்கு அந்தக் கிராமம் தெரியாது. ஓசூருக்கே நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி பிளாஸ்க் மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டார்.

"சொல்வாங்க சார்" என்றேன். "எல்லாரும் சொல்வாங்க."

"ஷ்யூரா?"

"ஆமா சார். எனக்கு அங்க ஆளுங்க இருக்காங்க."

டைரக்டர் முகம் தெளிந்தது. நாற்காலியில் சாய்ந்தார். முடிந்தது என்று நானும் மூச்சுவிட்டேன். அப்போது ஸ்பீக்கரில் அம்மா குரல் வந்தது. நாங்கள் பேசியதெல்லாம் ஹெட்போன் வழியாக அவள் காதில் விழுந்திருக்கிறது.

"சார், அவருக்குத் தெரியாது சார். அது எங்க வீட்டு வார்த்தை. படத்துல வர்ற இந்தம்மா இதைச் சொல்ல மாட்டா."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். என் காது இரண்டும் சுட்டது. சொந்தப் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் புருஷனைப் பொய்யன் ஆக்கிவிட்டாளே என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

டைரக்டருக்கும் எரிச்சல். "அப்ப என்னதாம்மா பண்றது? வழி குடுத்தா அதையும் வேணாங்கறீங்க." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பி அந்தப் பெண்மணியிடம், "மேடம், ரெடியா இருக்கீங்களா? முதல் சீன்லேருந்து போயிடலாம்" என்றார்.

அவர் எழுந்தார். பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு கண்ணாடி வழியாக அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் உள்ள போனாலும் அந்த உதடு அதே உதடுதான். போதும்மா எனக்கும் ஒட்டாது. அந்த ஒரு வார்த்தைக்கு வழி கண்டுபிடிக்காம என்னை உள்ள அனுப்பி என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு ஒரு மணிவரைக்கும் டைம் குடுத்திருக்கீங்க இல்ல? இன்னும் அரைமணி இருக்கு." திரும்ப வந்து சோபாவின் குழியில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

போன் அதிர்ந்தது. "அப்பா, ஆச்சா?" மறுபடி நீ.

அம்மா உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். பாதி குடித்தாள். "சத்தம் இல்லாம வெறும் படம் மட்டும் போடுங்க தம்பி" என்றாள். இன்ஜினியர் போட்டார். கை வருகிறது, வாய் திறக்கிறது, அவ்வளவுதான். மறுபடி. மறுபடி. அம்மா மைக்கைப் பார்க்கவே இல்லை. திரையில் இருக்கிறவளையே பார்த்தாள், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. டம்ளர் இடதுகையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலதுகை தானாக எழுந்து டம்ளரின் வாயை மூடியது, தட்டை மூடுகிற மாதிரி. பன்னிரண்டே முக்கால் ஆனது. ஏசி இரைச்சல் மட்டும். டைரக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"இப்ப எடுத்துக்குங்க" என்றாள்.

படம் ஓடியது. கை விரிந்தது. வாய் திறந்தது.

"ஆச்சு" என்றாள்.

சத்தமாக இல்லை. அழுகையும் இல்லை. சாப்பிட்டாகிவிட்டது என்று மருமகளிடம் சொல்கிற மாதிரி இருந்தது. மகன் கதை முடிந்தது என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரியும் இருந்தது. இன்ஜினியர் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். இன்னொரு முறை போட்டார். திரையில் இருக்கிற உதடும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தன.

"ஒட்டிக்கிச்சு சார்" என்றார், அதைத் தமிழிலேயே.

டைரக்டர் கையிலிருந்த வசனத் தாளைப் பார்த்தார். "நான் எழுதினது போதும்மா" என்றார். "இது நான் எழுதாதது." பிறகு மைக் பொத்தானை அழுத்தி, "வெளிய வாங்கம்மா. உங்க குரல்தான்" என்றார்.

நான் போனை எடுத்தேன். உனக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன். "ஆச்சு." நீ கை தட்டுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாய். நான் அனுப்பிய வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உனக்கு அப்போது தெரியாது.

அந்தப் பெண்மணி வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர், "அக்கா, இனிமே நீங்களே அழுதுக்குங்க. உங்க அழுகைக்குப் பேசிப் பேசி என் தொண்டை போச்சு" என்றார். நம் வீட்டுக் குரல் படி இறங்கிப் போனது.

ஸ்கூட்டரில் திரும்பினோம். அல்சூர் ஏரி தாண்டி சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

"ஓசூர்ல யாருங்க உங்க ஆளுங்க?"

"ஒரு கஸ்டமர் இருக்காரு."

"அவரு வீட்டு சோபாவா சொல்லுச்சு, சாக்குன்னு?"

பச்சை விழுந்தது, பின்னால் ஆரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

"எனக்காகத்தான் சொன்னீங்க, தெரியுது" என்றாள், காதருகே. "ஆனா என் வாயில யாரோ பேசறாங்கன்னுதானே இத்தனை வருஷம் அழுதேன். படத்துல வர்ற அந்தம்மா வாயில நம்ம வீட்டை வெச்சுப் பேசினா, எனக்குப் பண்ணதையே நான் அவளுக்குப் பண்ண மாதிரி ஆயிடாதா?"

வண்டி ஓட்டும்போது கண்ணைத் துடைக்க முடியாது. ஹெல்மெட் இருந்தது நல்லதாயிற்று.

வீடு வந்து சேர மணி மூன்று. காலையில் வடித்த சோறும் ரசமும் இருந்தது. நான் உட்கார்ந்தேன், அம்மா பரிமாறினாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. வழக்கம்போலக் கையைத் தட்டின் மேல் விரித்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அந்த வார்த்தையால் அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? போதும் என்று சொல்லலாம் என்றால் அதற்கு என் வாய் பழகியிருக்கவில்லை. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தேன்.

அம்மா என் விரல்களை ஒதுக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தாள். அதற்கு மேல் இன்னொன்று. ரசம் தட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது.

"வழியுதுடி" என்றேன்.

"வழியட்டும். சொன்னாத்தான் நிறுத்துவேன்."

அடுத்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் கண்ணோரத்தில் வந்தது.

"சாக்கு" என்றேன்.

கரண்டியை மறுபடி குண்டானில் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.